அமெரிக்க டீசல் எஞ்சின் மணி: எங்கே இருக்கும், எப்படி அடிக்கும், எப்படிப் பார்த்துக்கொள்வது

அமெரிக்கா, கனடா சரக்கு ரயில் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்த எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: ஹார்ன் கூரைமேல் கொத்தாகத் தெரிகிறது, முகப்பு விளக்கு தெரிகிறது, ஆனால் "டாங் டாங் டாங்" என்று விடாமல் கேட்கிறதே அந்த மணி, அது எங்கே ஒளிந்திருக்கிறது? ஒரே மாடல் எஞ்சின் இரண்டை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால்கூட ஒன்றில் மூக்கின் மேல் இருக்கும், மற்றதில் வயிற்றுக்கு அடியில் தொங்கும். எஞ்சினைக் கட்டுகிற கம்பெனி இதில் பிடிவாதம் பிடிப்பதில்லை. வாங்குகிற ரயில்வே எந்த இடம் சொல்கிறதோ அங்கே மாட்டிக் கொடுத்துவிடும், அப்புறம் அந்த எஞ்சின் இரண்டு மூன்று கை மாறும்போது மணியும் இடம் மாறும். அதனால் "இந்த மாடலில் மணி இங்கேதான்" என்று மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை.

பதிலாக ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மணியைத் தேடாதீர்கள், காற்றுக் குழாயைத் தேடுங்கள். மணி எங்கே மாட்டியிருக்கிறது, ஏன் அங்கே, எப்படி அடிக்கிறது, அடிக்காவிட்டால் எங்கே கோளாறு என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அந்தக் குழாயின் வழியில்தான் கிடக்கிறது. ரயில் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்திருப்பவர், சிமுலேட்டரில் ஓட்டுகிறவர், சிறிய அளவில் மாடல் செய்கிறவர், மூவருக்கும் இது ஒன்றுதான்.

முன்னுரையாக ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டீசல் எஞ்சினைச் சுற்றி மூன்று விதமான மணி காதில் விழும். ஒன்று, வெளியே இருக்கிற எச்சரிக்கை மணி, நாம் பேசப்போவது அதைத்தான். இரண்டாவது, கேபுக்குள், அதாவது ஓட்டுநர் அறைக்குள், அடிக்கிற அலாரம் மணி. எஞ்சின் சூடேறினாலோ மின்சுற்றில் தரைக்கசிவு வந்தாலோ அது ஓட்டுநருக்காக அடிக்கும். பல எஞ்சின்களைச் சேர்த்து ஓட்டும்போது, அவற்றை இணைக்கிற 27 முனை மின்கேபிளில் அலாரத்துக்கென்றே ஒரு முனை உண்டு, அதனால் பின்னால் இருக்கிற எஞ்சினில் கோளாறு என்றாலும் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். வெளிமணி பொதுவாக அப்படிச் சேர்ந்து அடிக்காது, முன்னால் போகிற எஞ்சினில் மட்டும்தான் அடிக்கும். மூன்றாவது, லெவல் கிராசிங் கம்பத்தில் இருக்கிற மணி. வீடியோவில் இரண்டும் கலந்து கேட்கும்போது பிரிப்பது எளிது: கேமரா நகராமல் நின்றால் கிராசிங் மணியின் சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி இருக்கும், எஞ்சின் மணி நெருங்கி வந்து, கடந்து, தேய்ந்து போகும்.

ஹார்ன் இருக்கும்போது மணி எதற்கு?

நியாயமான கேள்வி. ஹார்ன் தூரத்துக்கானது. அமெரிக்க மத்திய விதிப்படி எஞ்சினுக்கு முன்னால் 100 அடி தூரத்தில் அளந்தால் அது குறைந்தது 96 டெசிபல், அதிகபட்சம் 110 டெசிபல் இருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் நிற்கிற பயணியின் காதருகே, அல்லது யார்டில் பக்கத்துத் தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்கிறவரின் தலைக்கருகே அதை ஊதினால் அது எச்சரிக்கையாக இருக்காது, தண்டனையாகத்தான் இருக்கும். தவிர, ஹார்னை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க முடியாது, காற்றை நிறையக் குடிக்கும். மணி அப்படி இல்லை. கொஞ்சம் காற்றில் நிமிடக்கணக்காக அடித்துக்கொண்டே இருக்கும். மனிதக் காதும் சீரான இடைவெளியில் விழுகிற உலோகச் சத்தத்தை எஞ்சின் உறுமலிலிருந்து சட்டென்று பிரித்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு மணி, தொலைவில் இருப்பவருக்கு ஹார்ன், இவ்வளவுதான் கணக்கு.

நீராவிக் காலத்திலேயே வந்த வழக்கம் இது. அப்போதெல்லாம் பெரிய வெண்கல மணி பாய்லர் மேல் ஊஞ்சல் போன்ற ஒரு தாங்கியில் தொங்கும், கேபிலிருந்து ஒரு கயிறு அதுவரை ஓடும், ஃபயர்மேன், அதாவது பாய்லர் நெருப்பைப் பார்த்துக்கொள்கிறவர், இழுத்தால் மணியே முன்னும் பின்னும் ஆடி அடிக்கும். பிறகு கயிற்றுக்குப் பதில் காற்றுச் சிலிண்டர் வந்தது. இல்லினாய் போன்ற மாநிலங்களின் பழைய சட்டத்தில், ஒவ்வொரு எஞ்சினிலும் குறைந்தது 30 பவுண்டு எடையுள்ள மணி இருக்க வேண்டும் என்று எடையையே எழுதி வைத்திருந்தார்கள், அதாவது சுமார் 14 கிலோ. சத்தத்தை அளக்கக் கருவி இல்லாத காலத்தில் எடையைச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவந்த வழி, அதில் ஒரு புத்திசாலித்தனம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

டீசல் வந்தபோது பெரும்பாலும் மணி ஆடுவதை நிறுத்தியது. மணி அசையாமல் நிற்கும், அதன் நாக்கு மட்டும் காற்றால் அடிக்கும். இந்த ஒரு மாற்றத்தால்தான் மணியை எங்கே வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. ஆடுகிற மணிக்குச் சுற்றிலும் இடம் வேண்டும், ஆடாத மணிக்குப் போல்ட் போட ஒரு தகடும் ஒரு குழாயும் போதும்.

படி 1: முன்பக்கம் எது என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள், டீசலில் இது நிஜமான கேள்வி. கேப் ஒரு ஓரமாக இருக்கும், அதற்கு ஒரு பக்கம் குட்டையான ஹூட், அதாவது மூடிய உடற்பகுதி, மறுபக்கம் டீசல் இயந்திரம் இருக்கிற நீண்ட ஹூட். குட்டைப் பக்கம்தான் முன்பக்கம் என்று நினைப்போம், பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் சதர்ன், நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் போன்ற ரயில்வேக்கள் நீண்ட ஹூட்டை முன்னால் வைத்து ஓட்டின. மோதல் நடந்தால் ஓட்டுநருக்கு முன்னால் அவ்வளவு இரும்பு இருக்கும் என்பது ஒரு காரணம். எது முன்பக்கம் என்று உறுதியாகத் தெரிய, சட்டகத்தின் ஓரத்தில் சின்னதாக 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். மணி இருக்கிற இடம் விநோதமாகத் தெரிந்தால் பாதி நேரம் நாம் முன்பின் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

படி 2: வழக்கமான இடங்களை வரிசையாகத் தேடுங்கள்

முதலில் குனிந்து பாருங்கள். சட்டகத்துக்கு அடியில், முன் போகிக்கும் (சக்கரங்களைத் தாங்குகிற அடிவண்டி) எரிபொருள் டேங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு மணி வாய் கீழே பார்த்தபடி தொங்குகிறதா? மிகப் பல எஞ்சின்களில் அங்கேதான் இருக்கும். காற்றுத் தொட்டிகளும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் என்பதால் குழாய் நீளம் குறைவு, ஓட்டுநரின் காதுக்கும் தூரம், மேலே ஏறி வேலை செய்ய வேண்டியதும் இல்லை. விலை என்னவென்றால் அழுக்கு. சக்கரம் கிளப்புகிற தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, சரளைக்கல், குளிர்காலத்தில் பனி, எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். பனி இறுகி மணியின் வாய்க்குள் கட்டியாகிவிட்டால் நாக்கு அசையவே இடம் இருக்காது. கீழிருக்கும் மணியின் சத்தமும் கொஞ்சம் அடங்கித்தான் வரும், சட்டகமும் தரையும் பாதியை விழுங்கிவிடும்.

அங்கே இல்லையென்றால் நிமிர்ந்து நீண்ட ஹூட்டின் கூரையைப் பாருங்கள். அங்கே ஒரு தாங்கியில் நிற்கும். சத்தம் நாலாபக்கமும் தடையில்லாமல் பரவும். ஆனால் எஞ்சின் சூடும் புகைக்கரியும் படும், ஒரு சின்ன வேலைக்குக்கூட மேலே ஏற வேண்டும், சுரங்கப்பாதையிலும் பாலத்திலும் இடிக்காத உயரத்துக்குள் அடங்க வேண்டும்.

மூன்றாவது இடம் மூக்கு: குட்டை ஹூட்டின் முன்முகத்தில் அல்லது அதன் மேல்தளத்தில், சில எஞ்சின்களில் கேபின் முன் ஜன்னல்களுக்கு மேலே நெற்றியில். சத்தம் முன்னால் போக வேண்டும் என்று பார்த்தால் இதைவிட நல்ல இடம் கிடையாது, படம் எடுக்கிறவர்களுக்கும் இதுதான் பிடித்த இடம். உள்ளே உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை செய்கிறவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். பழைய, வழவழப்பான முகம் கொண்ட பயணிகள் எஞ்சின்களில் அழகு கெடக்கூடாதென்று மணியைக் கண்ணில் படாத இடத்தில் ஒளித்திருப்பார்கள், வெளியே ஒன்றும் தெரியாது.

எங்குமே தென்படவில்லையா, ஆனால் மணிச் சத்தம் மட்டும் வருகிறதா? அப்படியானால் அது எலக்ட்ரானிக் மணியாக இருக்கலாம். அதற்குத் தனியாக வருகிறேன்.

படி 3: காற்று எங்கிருந்து வருகிறது என்று குழாயோடு நடந்து பாருங்கள்

எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை அழுத்தி மெயின் ரிசர்வாயர் என்ற பெரிய தொட்டிகளில் நிரப்பும். வழக்கமான அழுத்தம் 130 முதல் 140 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பிரேக், ஹார்ன், சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுகிற சாண்டர், கண்ணாடி துடைப்பான், மணி என எல்லாமே கடைசியில் இந்தத் தொட்டிக் காற்றில்தான் பிழைக்கின்றன. தொட்டியிலிருந்து கிளம்புகிற மெல்லிய குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மணிப் பக்கமாக வந்தால், வழியில் ஒரு கட்-அவுட் காக், அதாவது கையால் திருப்பி மூடுகிற ஒரு திருகு, இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டு தொடுகிற அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள். மணி நிற்காமல் அடிக்க ஆரம்பித்தால் அதை வாயடைக்க வைப்பது அதுதான்.

அதன்பின் ஒரு வடிகட்டி இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிற பகுதி எஞ்சினின் வயதைப் பொறுத்து இரண்டு விதம். பழைய எஞ்சினில் குழாய் நேராகக் கேபுக்குள் போய், ஓட்டுநர் கையில் இருக்கிற வால்வு வழியாகத் திரும்பி மணிக்கு வரும், அதாவது மணியை அடிக்கிற காற்றே அவர் விரலுக்கு அடியில் ஓடுகிறது. புதிய எஞ்சினில் கேபிலிருந்து வருவது மின்கம்பி மட்டும். மணிக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு மேக்னட் வால்வு உட்கார்ந்திருக்கும், பொத்தானை அழுத்தினால் மின்சாரம் அதைத் திறக்கும், காற்று மணிக்குப் போகும். இந்த வித்தியாசத்தை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், கோளாறு தேடும்போது இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

படி 4: நாக்கு எப்படி அடிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மணியின் உச்சியில் ஒரு துளை, அதன் வழியாக ஒரு தடித்த போல்ட் இறங்கி மணியைத் தாங்கியோடு பிடித்திருக்கும். காற்றும் அந்த வழியாகவே உள்ளே வரும். உள்ளே ஒரு சின்னச் சிலிண்டர், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனுக்கு எதிரே நாக்கு. காற்று வந்ததும் பிஸ்டன் நாக்கைத் தள்ளி மணியின் விளிம்பில் மோதவிடும். பிஸ்டன் போதுமான தூரம் நகர்ந்ததும் ஒரு துளை திறந்து காற்று வெளியேறிவிடும், நாக்கு தன் எடையால் திரும்பி விழுந்து பிஸ்டனைப் பழைய இடத்துக்குத் தள்ளும், துளை மூடும், காற்று மறுபடி சேரும், மறுபடி அடி. யாரும் கணக்கு வைத்துக்கொண்டு அடிப்பதில்லை, காற்றைத் திறந்துவிட்டால் அது தானாகவே ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நின்றால் ஒவ்வொரு அடிக்கும் நடுவே "புஸ்" என்று காற்று கழிகிற சத்தமும் சேர்ந்து கேட்கும்.

வேகம் காற்றின் அளவைப் பொறுத்தது. அதைக் கூட்டிக் குறைக்க வழியில் ஒரு திருகு இருக்கும். புதியவர்கள் செய்கிற காரியம், சத்தம் போதவில்லை என்று அதை முழுக்கத் திறந்துவிடுவது. அப்படிச் செய்தால் அடி வேகமாகும், சத்தம் அதிகமாகாது. நாக்கு மோதிய உடனே விலகி வந்தால்தான் உலோகம் சுதந்திரமாக அதிரும். அடுத்த அடி அவசரமாக வந்து அந்த அதிர்வை அமுக்கினால், "டாங்" என்று வர வேண்டியது "டக் டக்" என்று வரும். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிற வேகம்தான் சரி.

மணி வார்ப்பு வெண்கலமாக இருக்கலாம், எஃகாகவும் இருக்கலாம். வெண்கலத்தில் ஒலி இனிமையாக நீளும், எஃகில் கரகரப்பாக, சீக்கிரம் அடங்கிவிடும். வேலை என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். திருடு போவது மட்டும் வெண்கலம்தான்!

படி 5: கேபில் கட்டுப்பாட்டைக் கண்டுபிடியுங்கள்

பழைய கன்ட்ரோல் ஸ்டாண்டில் ஹார்ன் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நெம்புகோலோ இழுக்கிற குமிழோ இருக்கும். ஹார்னுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம்: ஹார்ன் கையை எடுத்தால் நின்றுவிடும், மணியை ஒருமுறை திறந்தால் மூடும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டுநருக்கு இரண்டு கை போதாத நேரத்தில் மணி தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

புதிய மேசை மாதிரிக் கன்ட்ரோலில் இது ஒரு பொத்தான். பலவற்றில் ஹார்னைத் தொட்டாலே மணியும் சேர்ந்து ஆரம்பித்துவிடும், ஹார்னை விட்டபிறகும் மணி தொடரும், பொத்தானை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். சிமுலேட்டரில் "மணி தானாக அடிக்கிறது, பக் போல" என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள், நிஜ எஞ்சினிலும் அப்படித்தான்.

படி 6: எப்போது அடிக்க வேண்டும்

இதை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடவில்லை, விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பல ரயில்வேக்கள் கைக்கொள்கிற ஜெனரல் கோட் ஆஃப் ஆபரேட்டிங் ரூல்ஸில் 5.8.1 என்ற விதி மணிக்கானது, கனடாவின் விதிப்புத்தகத்தில் 13-ஆவது விதி. வார்த்தைகள் வேறு, சாரம் ஏறக்குறைய ஒன்று.

எஞ்சினை நகர்த்துவதற்கு முன் அடிக்க வேண்டும். நகர ஆரம்பித்தபிறகு அடிப்பதில் பயன் இல்லை, ஏனென்றால் இரண்டு பெட்டிக்கு நடுவே நிற்கிறவருக்கு அந்தச் சத்தம்தான் "வெளியே வா" என்ற ஒரே தகவல். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: மணியைத் திறங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள், அடியில் இருப்பவர் விலகுவதற்குச் சில நொடி கொடுங்கள், அப்புறம்தான் பிரேக்கை விடுங்கள். ஷண்டிங்கில், அதாவது பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கிற வேலையில், நொடிக்கொரு தரம் நின்று நகர்கிறபோது ஒவ்வொரு அசைவுக்கும் அடிக்கத் தேவையில்லை என்று விதியே விலக்குத் தருகிறது. கொடுக்காவிட்டால் யார்டில் மணி நிற்கவே நிற்காது, நிற்காத மணி ஒரு வாரத்தில் யாருக்கும் கேட்காமல் போய்விடும்.

தண்டவாளத்தின் மேலோ பக்கத்திலோ ஆட்களும் இயந்திரங்களும் வேலை செய்கிற இடத்தை நெருங்கும்போது அடிக்க வேண்டும். பக்கத்துத் தடத்தில் ரயில் நிற்கிறபோது அதைக் கடக்கையிலும் அடிப்பார்கள், நிற்கிற ரயிலுக்குப் பின்னாலிருந்து யாராவது குறுக்கே வந்துவிடலாம். பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதும் இதே கதைதான்.

அப்புறம் லெவல் கிராசிங். ஹார்னுக்கு அமெரிக்க விதி தெளிவு: கிராசிங்கை அடைய 15 முதல் 20 நொடிக்கு முன் ஆரம்பிக்க வேண்டும், கால் மைலுக்கு மேல் தூரத்தில் ஆரம்பிக்கக் கூடாது, இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம், கடைசி நீளம் எஞ்சின் கிராசிங்கை ஏறும்வரை இழுபட வேண்டும். மணி இதன் கூடவே ஓடும். 2005-இல் நடைமுறைக்கு வந்த விதியில் சில ஊர்கள் தங்கள் கிராசிங்குகளில் கூடுதல் பாதுகாப்பு வைத்து, வழக்கமான ஹார்ன் ஊதுவதை நிறுத்திக்கொள்ள வழி உண்டு. அமைதி மண்டலம் என்கிறார்கள். அங்கே வழக்கமான ஹார்ன் இல்லாத நேரத்தில் மணியின் மதிப்பு கூடுகிறது, ஓட்டுநர்கள் மணியை அடித்துக்கொண்டேதான் கடக்கிறார்கள். ஆபத்து என்று தெரிந்தால் அங்கேயும் ஹார்ன் ஊதலாம், அதை எந்த மண்டலமும் தடுக்காது.

படி 7: கிட்டே போகும் முன்

இதைக் கடகடவென்று படித்துவிட்டுத் தாண்டாதீர்கள். மணியில் கை வைக்க வேண்டுமென்றால் அந்த எஞ்சினை யாரும் நகர்த்த முடியாத நிலைக்கு முதலில் கொண்டுவர வேண்டும். அமெரிக்க ரயில்வேயில் இதற்கு நீல அடையாளம் இருக்கிறது. பகலில் நீலக் கொடியோ பலகையோ, இரவில் நீல விளக்கு. அது இருக்கிறவரை எஞ்சினை நகர்த்தக் கூடாது, அதை வைத்தவர்கள்தான் எடுக்க வேண்டும். கை பிரேக் இறுக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மணிக்குப் போகிற கட்-அவுட் காக்கை மூடி, அதற்கப்பாலுள்ள குழாயில் மிச்சமிருக்கும் காற்றையும் வெளியேற்றுங்கள். கேபில் ஒருமுறை மணியைத் திறந்து பார்த்து ஒன்றும் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே உள்ளே விரலை விடுங்கள். 130 பிஎஸ்ஐ காற்றில் அசைகிற நாக்குக்கு விரல் ஒரு பொருட்டே அல்ல. சோதிக்கும்போது காதடைப்பானும் கண்ணாடியும் போடுங்கள், குழாயைக் கழற்றினால் முதலில் வருவது காற்று இல்லை, இருபது வருடத் துருவும் எண்ணெயும்.

படி 8: மாட்டுவது

பழுது பார்க்கக் கழற்றிய மணியைத் திருப்பி மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாங்கி சட்டகத்தோடோ ஹூட்டின் விறைப்பான பகுதியோடோ பிடிக்க வேண்டும். மெல்லிய தகட்டில் மட்டும் போல்ட் போட்டால் தகடும் சேர்ந்து அதிர்ந்து விரிசல் விடும். புதிதாக வெல்டிங் தேவைப்பட்டால் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். காற்றுத் தொட்டியின் மேலும் எரிபொருள் டேங்கின் மேலும் எதையும் வெல்ட் செய்யவே கூடாது.

மணியை இரண்டு பேர் தூக்குங்கள். உச்சிப் போல்ட்டை இறுக்கியபின் லாக் நட்டும் பிளவு ஊசியும் போடுங்கள், கீழே தொங்குகிற மணிக்கு இது உயிர். கழன்று தண்டவாளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மணியின் உடம்பு எதையும் தொடக்கூடாது. தாங்கியின் கை, குழாய், அடைத்த பெயின்ட், எது விளிம்பைத் தொட்டாலும் ஒலி செத்துவிடும். சுற்றிலும் கையை விட்டுப் பார்த்து, ஒரு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், நீண்டு ஒலித்தால் சரி. வெண்கல மணிக்கு உள்ளும் புறமும் கனமாகப் பெயின்ட் அடிக்கிறவர்களை நான் மனதுக்குள் திட்டுவேன், பார்க்க அழகு, கேட்க மரக்கட்டை.

நாக்கு மோதுகிற இடம் விளிம்பருகே உள்ள தடித்த பகுதியாக இருக்க வேண்டும். பழைய மணியாக இருந்தால் அதே இடத்தில் வருடக்கணக்காக அடித்து ஒரு குழி விழுந்திருக்கும். மணியைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் புது இடம் கிடைக்கும், காசில்லாத பழுது.

குழாயின் கடைசித் துண்டு மட்டும் வளைகிற ஹோஸாக இருந்தால் நல்லது, அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். குழாய் எங்கேயும் தொய்ந்து பள்ளமாகத் தொங்கக்கூடாது. அழுத்திய காற்றில் எப்போதும் ஈரம் உண்டு, தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கும், குளிரில் உறைந்து குழாயை அடைக்கும். எல்லா இணைப்பும் முடிந்தபின் காக்கைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

படி 9: அடிக்கவில்லை என்றால்

மறுபடியும் குழாயோடு நடப்பதுதான். முதலில் தொட்டியில் அழுத்தம் இருக்கிறதா, கட்-அவுட் காக் திறந்திருக்கிறதா? பழுது பார்த்துவிட்டு மூடியபடியே விட்டுப்போன காக்தான் பெரும்பாலான "கோளாறு". திறந்திருந்தால், கேபில் மணியைப் போட்டுவிட்டு மணிக்கருகே ஒருவரை நிறுத்திக் காது கொடுக்கச் சொல்லுங்கள். காற்றுச் சத்தமே இல்லையென்றால் கோளாறு மணிக்கு முன்னால்: பழைய எஞ்சினில் கை வால்வு அல்லது அடைத்த வடிகட்டி, புதியதில் மேக்னட் வால்வு அல்லது அதற்கு வருகிற மின்சாரம். மேக்னட் வால்வு திறக்கும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும், அது கேட்டால் மின்சாரப் பக்கத்தை விட்டுவிட்டுக் காற்றுப் பக்கம் போகலாம்.

காற்று சீறுகிறது, நாக்கு அசையவில்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது. துரு, பிசுபிசுத்த பழைய எண்ணெய், பனி, மூன்றில் ஒன்று. கழற்றித் துடைத்து, இரண்டு மூன்று சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். கிரீஸை அப்பினால் அடுத்த குளிரில் அதுவே பசையாகும். ஒரே ஒரு அடி அடித்துவிட்டு நின்றால் காற்று வெளியேறுகிற துளை அடைத்திருக்கிறது, நாக்கு மணியோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். விட்டுவிட்டுச் சீரில்லாமல் அடித்தால் அழுத்தம் குறைவு அல்லது எங்கோ கசிவு. வால்வை மூடிய பிறகும் அவ்வப்போது தானாக ஒரு அடி விழுந்தால் வால்வு முழுதாக மூடவில்லை, காற்று மெல்லக் கசிந்து சேர்ந்து ஒரு அடிக்குப் போதுமானதும் அடிக்கிறது. இரவில் நிறுத்தி வைத்த எஞ்சின் தனியாக மணியடித்தால் பயப்பட வேண்டாம்.

எலக்ட்ரானிக் மணி

அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான அம்ட்ராக்கின் பி42 போன்ற எஞ்சின்களில் இருப்பது இது. மணியே கிடையாது, ஒரு ஸ்பீக்கரும் மின்சுற்றும், அவ்வளவுதான். எஞ்சினின் சுமார் 74 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். அசைகிற பாகம் இல்லை, எண்ணெய் வேண்டாம், பனியில் உறையாது, சத்தத்தைத் தேவையான அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். பராமரிப்பவர் கண்ணில் குறை சொல்ல முடியாத பொருள். காதுக்குத்தான் குறை: ஒவ்வொரு அடியும் அச்சடித்தது போல ஒன்றாகவே இருக்கும். வேறுபாட்டைப் பிடிக்க நிறுத்துகிற கணத்தைக் கேளுங்கள். காற்று மணியில் குழாயில் மிச்சமிருக்கும் காற்றில் கடைசி அடிகள் தளர்ந்து, உலோக ஒலி நீண்டு அடங்கும். எலக்ட்ரானிக் மணி கத்தரித்த மாதிரி நிற்கும். இது அடிக்காவிட்டால் சர்க்யூட் பிரேக்கர், இணைப்புக் கம்பி, ஸ்பீக்கரில் புகுந்த தண்ணீர் என்ற வரிசையில் பாருங்கள்.

எந்த வகையானாலும், எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு நாளும் ஒருமுறை செய்கிற தினச் சோதனையில் மணியையும் அடித்துப் பாருங்கள். கேபில் உட்கார்ந்தபடி "கேட்கிறது" என்று குறித்துக்கொண்டால் போதாது. ஒருவர் வெளியே முன்னால் நின்று கேட்க வேண்டும், இன்னொருவர் உள்ளே பொத்தானில். குறை இருந்தால் "மணி சரியில்லை" என்று எழுதாதீர்கள். "காற்று வருகிறது, நாக்கு அசையவில்லை" அல்லது "வால்வு மூடியும் அடிக்கிறது" என்று கேட்டதைக் கேட்டபடி சோதனை அறிக்கையில் எழுதுங்கள், சரி செய்ய வருகிறவர் எந்தச் சாவியோடு வர வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.